அப்படி ஒரு பேர் இங்க இல்ல

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னாலும் தாரேன். வேண்டாமா, சரி. அந்தப் பையை மட்டும் மேல வைக்காதீங்க. லேப்டாப்புதான உள்ள? பையைப் பாத்தாலே தெரிஞ்சிரும் எனக்கு, தொழிலே அதுதான். இந்த வண்டி ஆடுற ஆட்டத்துக்கு மேல வச்சீங்கன்னா கழுகுமலை தாண்டுததுக்குள்ள உள்ள இருக்கிறதெல்லாம் கழண்டு போயிரும். மடியிலயே வச்சிக்கிடுங்க.

புளியங்குடிக்கா போறீங்க? நானும் அங்கதான். எனக்கு ஊரு கோவில்பட்டி, அங்க மாமனார் வீடு. இல்ல இல்ல, விருந்துக்கெல்லாம் இல்ல. பஞ்சாயத்துக்குப் போறேன். ஒத்தையிலதான். என் பக்கம் பேசுததுக்குன்னு இருந்த ஒரே ஆளு என் வீட்டுக்காரி. அவளே எதிர்ப்பக்கம் போயிட்டா, பிறகு யாரைக் கூட்டிட்டுப் போக?

லேப்டாப்பு யாருக்கு, மகளுக்கா? எங்க படிக்கா? அட, எங்க ரோட்டு இன்ஜினியரிங் காலேஜா! ஹாஸ்டலா. சரி சரி. என்ன கோளாறாம்? ஜாவா போட்டா பைதான் நிக்குதா, பைதான் போட்டா ஜாவா நிக்குதா. இம்புட்டுதானா! அது பாத் பிரச்சினை அண்ணாச்சி. இதுக்கா புளியங்குடி வரைக்கும் தூக்கிட்டுப் போறீங்க? காலேஜ் வாசல்ல நின்னு கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல என் கடை. சிகாமணி கம்ப்யூட்டர்ஸ். பச்சைக் கலர் போர்டு, பாத்திருப்பீங்களே? நான்தான் அந்தச் சிகாமணி. உங்க மக சொல்லலியா? சொன்னாளா? சொல்லிட்டு, அங்க மட்டும் கொடுக்க வேண்டாம்னாளா?

ம்ம். சொல்லுவா. ஏன் சொல்லுதான்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்க மேல தப்பில்ல. கலைச்சு விட்டது யாருன்னு சொல்லுதேன், கேளுங்க. புளியங்குடி போய்ச் சேரத்தான் நேரம் கெடக்கே. வெளியாளு எதிர்த்தாப்புல கடை போட்டா அதுக்குப் பேரு போட்டி. வீட்டுக்குள்ளயே நம்ம சோத்தைத் தின்னுக்கிட்டு ஒருத்தர் செஞ்சா அதுக்கு என்ன பேரு? துரோகம்தான? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்பச் சொல்லாதீங்க, பூராத்தையும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

மொதல்ல அந்தப் பாத்துன்னா என்னன்னு சொல்லிருதேன், அது தெரியாம உங்களுக்கு விளங்காது. கம்ப்யூட்டர்ல ஜாவான்னு ஒரு சாமானை ஏத்துதோம். ஏத்தினா மட்டும் போதாது. அது எந்த இடத்துல கெடக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கணும். சொல்லி வைக்கலேன்னா, நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும், அப்படி ஒரு பேர் இங்க இல்லவே இல்லன்னு சாதிச்சிரும். உள்ளதான் கெடக்கும். குத்துக்கல்லாட்டம் உள்ளதான் இருக்கும். ஆனா இல்லன்னுரும். அதுக்குன்னு என்விரான்மென்ட் வேரியபிள்னு ஒரு பெட்டி உண்டு. அதுக்குள்ள பாத்துன்னு ஒரு இடம். எதெது எங்கெங்க கெடக்குன்னு அதுல எழுதி விடணும். அம்புட்டுதான் விஷயம். ஆனா முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு அது பேய் மாதிரி. அழுதுக்கிட்டே வருங்க. "அண்ணே, நாளைக்கு லேப், ஜாவா ஓட மாட்டேங்குது"ன்னு நிக்குங்க. "போ, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா"ம்பேன். வரதுக்குள்ள முடிச்சிருப்பேன். சாமி கும்பிடுத மாதிரி கும்பிட்டுட்டுப் போகுங்க. நெசமாத்தான்.

எப்படிச் செய்யணும்னு ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்ல. எதுக்குச் சொல்லணும்? பாவம், படிக்கிற பிள்ளைங்க. அதுங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? அண்ணன் இருக்கேன்ல, நான் பாத்துக்கிடுதேன். திரையை இப்படித் திருப்பி வச்சிக்கிடுவேன், அவங்க கண்ணு கெட்டுப் போயிரக் கூடாதுன்னு.

என் வேலை சுத்தமா இருக்கும் அண்ணாச்சி. மத்தவன் மாதிரி இருக்கிறதோட ஒட்டுப் போட மாட்டேன். பாத்தைத் திறந்ததும் உள்ள கண்டதும் கெடக்கும். எவன் எவனோ எழுதின வரி. பூராத்தையும் ஒரே பிடியாப் பிடிச்சு அழிச்சிருவேன். அழிச்சிட்டு, விண்டோஸுக்கு வேண்டியது ரெண்டு வரி, நம்ம வரி ஒண்ணு. முடிஞ்சது. சி டிரைவ்ல என் பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டு, சாமானை அதுக்குள்ள வச்சிருவேன். சிகாமணி. அந்தக் காலேஜ்ல படிச்சுட்டு எங்கெங்கயோ வேலைக்குப் போயிருக்காங்களே, அத்தனை பேர் லேப்டாப்புக்குள்ளயும் என் பேரு இருக்கும். சென்னையில இருக்கும், பெங்களூர்ல இருக்கும். அதுல ஒரு இது இருக்குல்லா.

இடையில சில பிள்ளைங்க திரும்ப வரும். பைதான் ஓட மாட்டேங்குது அண்ணேன்னு. சரி, பைதான் வரியைப் போட்டுக் கொடுப்பேன். பிறகு ஜாவா போச்சு அண்ணேன்னு வரும். ரெண்டும் எப்படிடே ஒண்ணா இருக்கும்? ஒரு உறையில ரெண்டு கத்தியை வச்சா சண்டை வராதா? எது வேணுமோ அப்பப்ப வா, மாத்தித் தாரேன்னுருவேன்.

ஆமா, உங்க மகளுக்கும் அதே கோளாறுதான். அதான் சொல்லுதேன்ல, அது கம்ப்யூட்டரோட குணம்.

இப்ப என் வீட்டுக்காரி கதைக்கு வாரேன். புளியங்குடிப் பொண்ணு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிச்சவ. நான் டிப்ளமோதான், இல்லேன்னு சொல்லல. பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்லிட்டாவ, பொண்ணு ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கான்னு. நம்ம கடைக்குச் சரியா வரும்னு நானும் சரின்னுட்டேன். கல்யாணம் ஆனதும் ஸ்கூல் வேலையை விடச் சொன்னேன். கோவில்பட்டியிலேருந்து புளியங்குடிக்கு எப்படிப் போய் வருவா? கோவில்பட்டியில வேற ஸ்கூல்ல கேக்கட்டுமான்னா. நம்ம கடை இருக்கும்போது எவன்கிட்டயோ போய்க் கைகட்டி நிக்கணுமான்னேன். தப்பா? பழைய சிம் ஒண்ணு வச்சிருந்தா, கூடப் படிச்ச பிள்ளைங்க, கூட வேலை பாத்த டீச்சருங்கன்னு பேசிக்கிட்டே கெடப்பா. புது வாழ்க்கைக்குப் புது நம்பர்னு நானே ஒரு சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் புதுசு. என்ன குறை வச்சேன் அவளுக்கு?

பேரும் புதுசுதான். அதுக்கு நான் என்ன செய்ய? அவ பேரும் எங்க அம்மா பேரும் ஒண்ணு. குலசாமி பேரு. நம்ம பக்கம்தான் வீட்டுக்கு வீடு அந்தப் பேரு கெடக்கே. மாமியா பேரும் மருமக பேரும் ஒண்ணா இருந்தா வீட்டுல எப்படிக் கூப்பிட? "ஏளா, அந்தத் துணியை எடு"ன்னு பேரைச் சொல்லி அவளை ஏவ முடியுமா, எங்க அம்மா உக்காந்திருக்கும்போது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா. அதான் கல்யாணப் பந்தல்லயே மாத்திட்டோம். அகிலா. நான் தேர்ந்தெடுத்த பேரு. நல்லா இருக்குல்லா, மாடர்னா? அவ சிரிச்சான்னுதான் நெனைக்கேன். தலை குனிஞ்சிருந்தா.

பழைய பேரா? அதை நான் எப்படிச் சொல்ல அண்ணாச்சி, எங்க அம்மா பேருல்லா. பெத்தவ பேரை நான் வாயால சொன்னதே இல்ல. விடுங்க.

கடையில அவளுக்கு ஜெராக்ஸ் மெஷினைக் கொடுத்தேன். ஆதார் பிரிண்ட் எடுக்கிறது, பிள்ளைங்க பிராஜெக்டை டைப் அடிக்கிறது. லேசான வேலை. ஒருநாள் ஒரு பொம்பளப் பிள்ளைக்கு நான் பாத் போட்டுக்கிட்டு இருக்கேன், அவ ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, பழசை எதுக்கு அழிக்கீங்க? அது கீழ ஒரு வரி சேத்தாப் போதுமே"ன்னா. அந்தப் பிள்ளை முன்னால! கோவப்படுற ஆளு இல்ல நான். "தாளு தீந்து போச்சு பாரு, போய் மாத்து"ன்னேன். அம்புட்டுதான். அவ போய்த் தாளை மாத்தினா. புரிஞ்சிக்கிட்டான்னு நெனைச்சேன்.

கழுகுமலை வந்தாச்சு. கடலை மிட்டாய் வாங்குவோமா? வேண்டாமா. அவளுக்குப் பிடிக்கும். கோவில்பட்டி மிட்டாய்தான் பிடிக்கும், எங்கேருந்து வாங்கினாலும் அதுல என்ன. சரி விடுங்க, வண்டி எடுத்துட்டான்.

போன ஆடி மாசம் காலேஜ் திறந்து புதுப் பிள்ளைங்க வந்தாச்சு. கூட்டம் வரும்னு கடைக்கு வெள்ளையடிச்சு, ரெண்டு நாற்காலி கூடப் போட்டு வச்சேன். ஒருத்தரும் வரல. ஜெராக்ஸுக்கு வாராங்க, பேனா வாங்க வாராங்க. பாத்துன்னு ஒருத்தர் வரணுமே. நானே கேட்டேன் ஒரு பிள்ளைகிட்ட, "என்னம்மா, ஜாவா பாடம் இல்லையா இந்த வருஷம்?"னு. "இருக்கு அண்ணே, பாத் நாங்களே போட்டுக்கிட்டோம். அக்கா வீடியோ பாத்து"ங்குது. எந்த அக்கா? "யூடியூப்ல இருக்காங்களே, நம்ம ஊரு பேச்சுல சொல்லிக் கொடுப்பாங்க. ஹாஸ்டல் பூரா அதைத்தான் பாக்கோம்." சொல்லிட்டு என் முகத்தைப் பாத்துச் சிரிக்குது. கூட வந்த பிள்ளையும் சிரிக்குது. ஒண்ணு சொல்லுது, "அண்ணே, டீ என்னாச்சு?"ன்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல. இந்தப் பிள்ளைங்க எதுக்கு என்கிட்ட டீயைக் கேக்குதுங்க?

செல்லை வாங்கிப் பாத்தேன்.

முகம் இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர் திரைதான், அதுல அம்பு மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. பின்னால குரல். "வணக்கம் பிள்ளைங்களா"ன்னு ஆரம்பிச்சு, பழைய பேரைச் சொல்லுதா. நான் வச்ச பேரை இல்ல. பழைய பேரு. திரையைப் பாக்கேன், நான் வச்ச கழுகுமலை முருகன் படம். என் கடை கம்ப்யூட்டரு! என் நாற்காலி, என் மேசை, என் கரண்டு. அதுல உக்காந்துக்கிட்டு ஊருக்கே சொல்லிக் கொடுக்கா, எந்தப் பட்டனை அமுக்கணும், எந்தப் பெட்டியைத் திறக்கணும்னு. நான் திரையைத் திருப்பி வச்சிக் காப்பாத்தினதைப் பூராத்தையும் திறந்து போட்டுட்டா.

அதுல ஒரு இடம் வருது. "பழசை அழிச்சிராதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். 'நியூ'ன்னு ஒரு பட்டன் இருக்குல்லா, அதை அமுக்கிப் புதுசை அது கீழ சேருங்க. பழசும் வேலை செய்யும், புதுசும் வேலை செய்யும். ஒண்ணை வச்சிக்கிடணும்னா இன்னொண்ணைத் தொலைக்கணும்னு ஒண்ணும் இல்ல." இப்படிச் சொல்லுதா. யாரைச் சொல்லுதா? என் தொழிலைத்தான சொல்லுதா? பிறகு இன்னொண்ணு. "சில பேர் லேப்டாப்புல கடைக்காரர் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீங்க, பேரை மாத்தவும் வேண்டாம். அது இருந்துட்டுப் போகட்டும், அதால கெடுதல் ஒண்ணும் இல்ல"ங்கா. இருந்துட்டுப் போகட்டுமாம் அண்ணாச்சி! என்னவோ போனாப் போகுதுன்னு எனக்குப் பிச்சை போடுத மாதிரி!

இருங்க, அதோட முடியல. பாதியில ஒரு சத்தம் வருது. "ஏட்டி, டீ என்னாச்சு?"ன்னு. என் குரல். கடை வாசல்ல உக்காந்துக்கிட்டு நான்தான் கத்தியிருக்கேன். அப்படின்னா நான் வாசல்ல இருக்கும்போதே உள்ள இருந்து பேசிப் பேசி எடுத்திருக்கா. அவ அம்மாகிட்ட போன்ல பேசுதான்னு நான் நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கத்தினதும் அவ, "ஒரு நிமிஷம் பிள்ளைங்களா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறா. நாற்காலி தள்ளுத சத்தம் கேக்கு. பிறகு அம்பு அசையாம அப்படியே நிக்கு. நிக்கு, நிக்கு, நின்னுக்கிட்டே இருக்கு. தூரத்துல தம்ளர் சத்தம். ஆத்துத சத்தம். திரும்ப வந்து உக்காந்து, "எங்க விட்டோம்?"ங்கா. வெட்டி எடுத்திருக்கலாம்லா அந்த இடத்தை? அவளுக்குத் தெரியாதா வெட்ட? வேணும்னே விட்டிருக்கா. கீழ அந்தக் காலேஜ் பிள்ளைங்க பூரா எழுதி வச்சிருக்கு, டீ என்னாச்சு, டீ என்னாச்சுன்னு. இன்னைக்கு காலேஜ் ரோட்டுல நான் நடந்து போனா பின்னாலேருந்து ஒரு குரல் வரும், "டீ என்னாச்சு?" கடையில உக்காந்து நிம்மதியா ஒரு டீ சொல்ல முடியல அண்ணாச்சி. பால்தான் குடிக்கேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அடிக்கல, வையல. எங்க பரம்பரையிலயே பொம்பள மேல கை வைக்கிற பழக்கம் கெடையாது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னுதான் கேட்டேன். "சொன்னேன். தாளை மாத்தச் சொன்னீங்க"ன்னா. என்னைக்கோ நடந்ததை மனசுல வச்சிருக்கா பாருங்க! "அந்த வீடியோவை எடு"ன்னேன். "எதுக்கு? அதுல என்ன தப்பு இருக்கு?"ன்னா. கடைக்குப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டேன். அம்புட்டுதான் நான் செஞ்சது. என் கம்ப்யூட்டருக்கு நான் பாஸ்வேர்டு போட உரிமை இல்லையா?

மறுநாள் கடைக்கு வந்தா. பாஸ்வேர்டு கேட்டு நின்ன திரையைப் பாத்தா. எங்கிட்டக் கேப்பான்னு நெனைச்சேன். கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், சத்தியமா. கேக்கல. ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாளை வச்சா, நிரப்பி வச்சா. "தாளு போட்டுட்டேன்"னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறிட்டா.

சங்கரன்கோவில் வந்துட்டு. வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். இறங்குதீங்களா? நான் வரல, நீங்க குடிச்சிட்டு வாங்க.

வந்துட்டீங்களா. எனக்குமா வாங்கிட்டு வந்தீங்க? ஐயோ, டீயா. சரி கொடுங்க. இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்.

எங்க விட்டேன்? ஆங். பிறகு நான் சும்மா இருக்கல. அந்த வீடியோவுக்குக் கீழ எழுதினேன், கடைப் பேர்லயே. "இது தவறான முறை. யாரும் பின்பற்ற வேண்டாம்"னு. பதில் போட்டிருக்கா. "நன்றி சார். எந்த இடம் தவறுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிடுதேன்"னு. சார்! கட்டின புருஷனை ஊரு முன்னால சார்ங்கா. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, எந்த இடம்னுதான கேக்கா, காட்டிருவோம்னு உக்காந்து பாத்தேன். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும். தப்பு எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தேன். ஒரு தடவை சோதிச்சே பாத்துருவோம்னு, கடைக்கு வந்த ஒரு பழைய லேப்டாப்புல அவ சொன்ன மாதிரியே செஞ்சேன். பழசை விட்டுட்டு, கீழ சேத்தேன். ஜாவாவும் ஓடுது, பைதானும் ஓடுது. அது அந்த லேப்டாப்பு நல்ல கம்பெனி அண்ணாச்சி. எல்லாத்துலயும் ஓடும்னு சொல்ல முடியாது.

இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கடையிலயும் கூட்டம் இல்ல, வேற என்ன வேலை? முன்னால உள்ளதை ஓட்டி விட்டுட்டு, அந்த அம்பு சும்மா நிக்க இடம் இருக்குல்லா, அதுக்கு வந்துருவேன். ஒரு பேச்சும் இல்ல அதுல. தம்ளர் சத்தம் மட்டும்தான். அது எனக்குப் போட்ட டீ அண்ணாச்சி. ஊருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்ததைப் பாதியில போட்டுட்டு எந்திரிச்சுப் போய் எனக்கு டீ போட்டிருக்கா. கொண்டாந்து கொடுத்திருப்பா, நானும் வாங்கிக் குடிச்சிருப்பேன். என்னைக்குன்னு ஞாபகமே இல்ல. எம்புட்டு யோசிச்சாலும் ஞாபகம் வர மாட்டேங்குது.

அப்படி இருந்தவ இப்படிச் செய்யலாமா? அதான் கேக்கேன். அதான் எனக்கு ஆறல.

போன வாரம் மாமனார் போன் பண்ணினாவ. "மாப்ள, பாப்பாவோட சர்ட்டிபிகேட்டெல்லாம் உங்க பீரோவுல இருக்காம்லா, அதைக் கொண்டாந்து கொடுங்க. இங்க ஒரு ஸ்கூல்ல கேக்காவ"ன்னு. வீட்டுக்கு வாங்கன்னு சொல்லல பாருங்க. சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வாங்கன்னுதான் சொன்னாவ. இந்தா, இந்தக் கவர்லதான் இருக்கு. பீரோ சாவி எங்கிட்டத்தான் இருக்கும், எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தேன். இப்ப நான் போய் என்ன சொல்லப் போறேன்னா, வீடியோவை எடு, எடுத்துட்டு என்கூடக் கிளம்பு, இல்லேன்னா இந்தக் கவர் உன் கைக்கு வராதுன்னு சொல்லப் போறேன். கட் அண்ட் ரைட்டா. என் தொழிலும் திரும்பணும், அவளும் திரும்பணும். அவ இல்லாம வீடு வீடா இல்ல அண்ணாச்சி, அதையும் சொல்லிக்கிடுதேன். எங்க அம்மாகூட என்கிட்டச் சரியாப் பேச மாட்டேங்கா. அந்த வீடியோவை அம்மாவும் பாத்திருக்கா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "அந்தப் பிள்ளை வாயிலேருந்து என் பேரைக் கேக்க நல்லாத்தான்டா இருக்கு"ன்னா. பெத்தவளும் அந்தப் பக்கம்.

இப்பச் சொல்லுங்க. துரோகமா இல்லையா? என்ன, ஜன்னல் வழியா வெளிய பாக்கீங்க?

வயக்காடு வந்துட்டு. எலுமிச்சங்கா வாசம் வந்துட்டாலே புளியங்குடிதான். நீங்க எந்தத் தெரு? பால் சொசைட்டித் தெருவா! அட, எங்க மாமனாரு வீடும் அங்கதான். தங்கச்சாமின்னு, ஆமா, முன்னால சொசைட்டியில இருந்தாவளே அவுகதான். அவுகளைத் தெரியுமா? அப்பறம் என்ன, அகிலாவையும் தெரியும்லா உங்களுக்கு. அகிலா. தெரியலியா? தங்கச்சாமி மக, கோவில்பட்டியில கட்டிக் கொடுத்தது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி, உயரமா, கண்ணாடி போட்டிருப்பா, அகிலான்னு.

அப்படி ஒரு பேர் உங்க தெருவுலயே இல்லையா.

ஆங்? என்ன பேரு சொன்னீங்க? தங்கச்சாமி மக... முப்பிடாதியா?

ஆமா. அந்தப் பேருதான். என் வாயாலயே சொல்லிட்டேன் பாருங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எங்க அம்மாவை யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு.

டீச்சரா? முப்பிடாதி டீச்சரா? சாயங்காலம் வீட்டு வாசல்ல வச்சுச் சொல்லிக் கொடுக்காளா. பிள்ளைங்க உக்காரப் பாய் பத்தலையா. சரி. சரி. அப்ப இந்த லேப்டாப்பு, அவகிட்டக் காட்டத்தான் கொண்டு போறீங்களா. என் கடை வாசல் வழியா எடுத்துட்டு வந்து, என் பக்கத்துலயே மடியில வச்சிக்கிட்டு.

இல்ல அண்ணாச்சி, உங்களை ஒண்ணும் சொல்லல. நீங்க எப்படி அறிவீங்க? நான் அகிலா அகிலான்னுல்லா சொல்லிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு, பாத்து இறங்குங்க, பையைப் பிடிங்க. ஒரு நிமிஷம் இப்படி நில்லுங்க. நான் இப்ப வரல, நீங்க முன்னால போங்க. வாரதுக்கு எனக்கு என்ன பயம்? பயம் இல்ல. வாசல்ல வந்து நின்னு என்னன்னு கூப்பிடுவேன், அதைச் சொல்லுங்க. அகிலான்னு கூப்பிட்டா அந்தத் தெருவுல ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவ பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்பாது. பிள்ளைங்க எல்லாம் உக்காந்திருக்கும்லா வேற.

இந்தாங்க, இந்தக் கவரையும் நீங்களே கொடுத்திருங்க. சர்ட்டிபிகேட்டு பூரா இருக்கு, சரி பாத்துதான் வச்சேன். வீடியோவைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். கவரை மட்டும் கொடுங்க. யாரு கொடுத்தாவன்னு கேட்டா, கோவில்பட்டிக்காரர் ஒருத்தர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில நிக்காருன்னு சொல்லுங்க. வரணும்னா வரட்டும். லேப்டாப்பைப் பாத்துட்டே வரட்டும், அவசரம் இல்ல. மொதல்ல உங்க மக வேலையை முடிக்கட்டும்.

நான் அதுக்குள்ள டீ சொல்லி வைக்கேன். உங்களுக்குச் சீனி கம்மின்னு தெரியும், சங்கரன்கோவில்லயே பாத்தேன். அவளுக்கு, அண்ணாச்சி... அவளுக்கு எப்படிச் சொல்ல? அவ டீ குடிச்சு நான் பாத்திருக்கேனா, குடிப்பாளா மாட்டாளான்னே எனக்குத் தெரியலியே.